சுவரைக் கேட்டவர்கள் பக்திமான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பள்ளிகளில் வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லும் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் ஏற்பாடு நாத்திகர்களின் கைவேலை என்றும், உச்ச நீதிமன்றத்தின் 1962ஆம் ஆண்டுத் தீர்ப்போடு அந்நாட்டுப் பள்ளிகளில் ஜெபமே தடை செய்யப்பட்டுவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்டுச் சபையைச் சேர்ந்தவன், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவன். அவர் சொன்ன இரண்டுமே தவறு.

முதலில், இந்தப் பிரிவினையைக் கேட்டவர்கள் யார் என்று பார்ப்போம். 1801 வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தில் காங்கிரிகேஷனல் சபை என்ற புராட்டஸ்டண்டுப் பிரிவுதான் அரசு சபை. அதற்கு ஊரார் வரி கட்ட வேண்டும். பாப்டிஸ்டு என்ற இன்னொரு புராட்டஸ்டண்டுப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் அந்த வரியிலிருந்து தப்ப வேண்டுமானால், தான் வேறு சபைக்குப் போவதாகச் சான்றிதழ் கொடுத்து விலக்குப் பெற வேண்டும். தன் சாமியைக் கும்பிட அடுத்த சபைக்காரர்களின் ஆட்சியிடம் சீட்டு நீட்டுகிற நிலை அது. 1801 அக்டோபரில் அம்மாநிலத்தின் டான்பரி பகுதி பாப்டிஸ்டு சபையார் ஜனாதிபதி ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். தங்களுக்கு இருக்கிற மத உரிமைகளெல்லாம் தயவில் கிடைத்தவையாக இருக்கின்றனவே தவிர, பறிக்க முடியாத உரிமைகளாக இல்லை என்பது அவர்களுடைய முறையீடு. 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சன் எழுதிய பதிலில்தான், சபைக்கும் அரசுக்கும் இடையே ‘பிரிவினைச் சுவர்’ என்ற புகழ்பெற்ற சொற்கள் வருகின்றன.

அதே நாளில் ஜனாதிபதி மாளிகைக்கு 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 560 கிலோ. மாசசூசெட்ஸின் செஷயர் என்ற ஊரார் பால் சேர்த்துச் செய்து அனுப்பிய அன்பளிப்பு அது. கொண்டுவந்தவர் அவ்வூர் பாப்டிஸ்டு போதகர் ஜான் லீலண்ட். இரண்டு நாள் கழித்து அவர் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை மண்டபத்திலேயே பிரசங்கம் செய்தார். ஜெஃபர்சனும் போய் உட்கார்ந்து கேட்டார். ‘சுவர் பேசியவரே சட்டமன்றத்துக்குள் ஆராதனைக்குப் போனாரே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அன்றைய நடைமுறை அவ்வளவு சுத்தமாக இல்லை. ஆனால் அவர் தாமாகப் போனார், வரச்சொல்லி யாருக்கும் உத்தரவு போடவில்லை.

டான்பரிக்காரர்களுக்கு அந்தக் கடிதத்தால் கைமேல் பலன் ஏதும் கிடைக்கவில்லை. அரசு மதத்தை நிறுவுவதைத் தடுக்கும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அப்போது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. கனெக்டிகட் 1818இல்தான் அரசு சபையைக் கைவிட்டது. மாசசூசெட்ஸ் 1833 வரை இழுத்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற விதி மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1947இல். அந்த வழக்கிலேயே, கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தை அரசு திருப்பித் தரலாம் என்றும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. (நம் அரசியல் சாசனத்தின் வழி வேறு. ஒரு மதத்தை வளர்க்கவென்று வரி வாங்கக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த எங்கள் கன்னியாகுமரிப் பகுதிக் கோயில்களுக்காகத் தமிழக அரசு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் தர வேண்டும் என்கிறது 290-ஏ பிரிவு. இரு நாட்டு ஏற்பாடுகளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டாம்.)

அரசு வேதத்தைக் கையில் எடுத்தால் முதலில் அடிபடுபவர் நாத்திகர் அல்லர், பக்கத்துச் சபைக்காரர்தான். பிலடெல்பியா பள்ளிகளில் புராட்டஸ்டண்டுகளின் கிங் ஜேம்ஸ் வேதாகமம் வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் வேதாகமத்தை வாசிக்க விடுங்கள் என்று கத்தோலிக்க ஆயர் (பிஷப்) கேட்டதிலிருந்து புகைந்த பகை, 1844இல் கலவரமாக வெடித்தது. பலர் மாண்டார்கள். செயின்ட் மைக்கேல், செயின்ட் அகஸ்டின் என்ற இரண்டு கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்தன. எரித்தவர்களும் கிறிஸ்தவர்களே.

பத்துக் கட்டளைகள் பொதுவானவைதானே என்கிறார் கட்டுரையாளர். என் மனைவி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்பது எனக்கு ஆறாம் கட்டளை, அவளுக்கு ஐந்தாம் கட்டளை. சொரூபம் (வழிபடும் சிலை) செய்யாதே என்பது நான் ஞாயிறு பள்ளியில் படித்த இரண்டாம் கட்டளை. அவள் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த பட்டியலில் அது தனிக் கட்டளையாக இல்லை, கடைசிக் கட்டளை இரண்டாகப் பிரிந்து பத்து நிறைகிறது. எங்கள் மகள் சிறுமியாக இருந்தபோது எந்த வரிசையைச் சொல்லிக்கொடுப்பது என்று வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. லூசியானா சட்டமோ 11-க்கு 14 அங்குலத்துக்குக் குறையாத தாளில் என்ன அச்சிட வேண்டும் என்று வாசகத்தையே எழுதிக் கொடுத்துவிட்டது. எண் போடவில்லை, ஆனால் சொரூபம் பற்றிய வரி இருக்கிறது. எங்கள் வீட்டில் தீராத வழக்கை அந்த மாநிலச் சட்டமன்றம் வாக்கெடுப்பில் தீர்த்துவிட்டது!

1962ஆம் ஆண்டு வழக்குக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலக் கல்வி அதிகாரிகள், எந்த மதத்தாரின் மனமும் புண்படாதபடி 22 சொற்களில் ஒரு ஜெபத்தைத் தாங்களே எழுதி, பள்ளிகளில் சொல்லப் பரிந்துரைத்தார்கள். அரசு ஜெபம் எழுதக் கூடாது என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. தேர்வுத் தாளை வாங்கியதும் ஒரு பிள்ளை கண்ணை மூடி ஜெபிப்பதை அன்றும் யாரும் தடுக்கவில்லை, இன்றும் தடுக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: குழு கூடி, யாருக்கும் உறுத்தாதபடி அதிகாரிகள் தயாரித்த ஜெபத்தை ஜெபம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இப்போது அந்த நீதிமன்றமே சுவரைத் தளர்த்திவருகிறது. ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்த அரசுப் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாக 2022இல் தீர்ப்பளித்தது. அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அணியில் யார் இறங்குவது என்று முடிவு செய்பவர் மண்டியிடும்போது, கூட மண்டியிடாத பையனின் மனத்தில் என்ன ஓடும் என்பதுதான் என் கவலை.

லூசியானா சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்த பெற்றோரில் போதகர்களும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் தரப்பு என்ன என்பதையும் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்.