இடது காலும் டிரிகரும்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மான கிக்கில், அடியை உணர்ந்து சிக்னல் அனுப்பும் டிரிகர் சென்சாரை நீ மாட்டியிருப்பதும், 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) வரை ஒழுங்காக இருந்தது 240க்குப் போனதும் ஒரு மிதிக்கு இரண்டு அடியாகக் கேட்பதும் தெரிந்தது. அந்தச் சிக்னலை வாங்கி, பதிவுசெய்த கிக் சத்தத்தை ஒலிக்கும் மாட்யூலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதே. தப்பு அதன் மேல் இருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் கணக்கைப் பார். 240இல் ஒரு பீட் 250 மில்லி வினாடி. அதில் நாலு அடி விழுந்தால் அடிக்கும் அடிக்கும் நடுவே 62.5. மாட்யூலில் மாஸ்க் டைம் என்று ஒன்று இருக்கும், சில கம்பெனிகள் ரீடிரிகர் என்று போடுவார்கள். ஓர் அடியை வாங்கிய பிறகு எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. தளர்வாகக் கட்டிய கிக் தோல் 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் 20 மில்லி வினாடிக்கு ஒரு அலை வரும். மாஸ்க் 0இல் இருந்தால் அந்த அலையும் அடியாகிவிடும். பயந்துபோய் 60 வைத்தால் நிஜமான அடுத்த அடியே காணாமல் போகும். கால் என்ன கடிகாரமா? 62.5 என்பது 52க்கும் வரும், 73க்கும் போகும். உன்னுடையது ஒரே கிக், இரண்டு காலுக்கும் டபுள் பெடல், ஒரே டிரிகர். 35இல் தொடங்கு, 40ஐத் தாண்டாதே. இரண்டு கிக் வைத்திருப்பவனுக்குக் காலுக்கு ஒரு இன்புட் என்பதால் இடைவெளி 125, அவன் தாராளமாக வைக்கலாம்.

அமைக்கும் வரிசை முக்கியம். த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு மெல்லிய அதிர்வு வரை அடியாக எடுத்துக்கொள்வது என்ற எல்லையை, அடிமட்டத்துக்கு இறக்கு. மேடையில் மிதிக்கும் பலத்தில் மிதித்து, மீட்டர் உச்சியைத் தொடும் தொடாத அளவுக்கு கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்று. பிறகு பக்கத்து டிரம்களான ஸ்நேரையும் டாமையும் ஓங்கி அடி. கிக் தானாக ஒலித்தால், அது நிற்கும் வரை த்ரெஷோல்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்து. மாஸ்க் கடைசியில்தான். மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும்.

இதற்கெல்லாம் முன்னால் தோலைப் பார். உள்ளே ஒரு தலையணை தோலைத் தொட்டபடி இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. சென்சாரின் ஃபோம் தோலில் பட்டும் படாமலும் இருந்தால் அடி தவறும். நசுங்க அழுத்தினால் எல்லா அடியும் ஒரே மாதிரி மங்கும். வளையத்தில் பிடிக்கும் திருகு வாசித்து வாசித்தே தளரும், பாட்டுக்குப் பாட்டு கை வைத்துப் பார். கேபிளைப் பெடல் பக்கம் தொங்கவிடாதே.

இவ்வளவும் செய்தும் இரட்டை அடி நிற்கவில்லையென்றால் காலைத்தான் சந்தேகிக்க வேண்டும். 240லேயே வலது காலை மட்டும் ஒரு நிமிடம் வாசி, பிறகு இடதை மட்டும். எது இரட்டிக்கிறதோ அதில் பீட்டர், அதாவது பெடலின் சுத்தியல், தோலை விட்டு முழுதாக வருவதில்லை. மிதித்து அழுத்தி, அங்கேயே துள்ளி மறுபடி தொடுகிறது. அந்தத் துள்ளல் 40, 50 மில்லி வினாடி கழித்து வரும். மாஸ்க் பிடிக்காது, பிடிக்கும்படி வைத்தால் நல்ல அடியையும் விழுங்கும். உன் விஷயத்தில் இடதுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

200 வரை தொடையால் சமாளித்திருப்பாய். அதற்கு மேல் முழுக் காலைத் தூக்கி இறக்க நேரமில்லை, கணுக்கால்தான் ஓட வேண்டும். நைல் என்ற டெத் மெட்டல் குழுவின் டிரம்மர் ஜார்ஜ் கொலியாஸ் வாசிப்பதைப் பார், முழங்கால் அசைவதே தெரியாது. ஸ்டூலை இடுப்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி உயர்த்து. பாதத்தைப் பலகையில் இரண்டு விரற்கடை பின்னால் இழு, குதிகால் மிதக்கட்டும். ஸ்பிரிங்கை முறுக்கு, பீட்டரைத் திரும்பக் கொண்டுவருவது அதன் வேலை. தொடையும் கணுக்காலும் கைமாறுகிற 170, 180 பக்கம் எல்லாருக்கும் தடுமாறும். அங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும், 240இல் அல்ல.

சாம்பிளையும், அதாவது மாட்யூல் ஒலிக்கும் பதிவுச் சத்தத்தையும், மாற்று. 400 மில்லி வினாடி வால் உள்ள கிக் சாம்பிளில் 240இல் ஆறு அடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சேறாகும். 120, 150க்கு வெட்டு. வெலாசிட்டியை (அடியின் பல அளவை) உச்சமான 127இல் பூட்டினால் டைப்ரைட்டர்தான். 105 முதல் 127 வரை விட்டால் போதும். லேப்டாப் வழியாக எடுத்தால் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128க்கு மேல் போகாதே. 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லி வினாடி, ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்பது போலத்தான். 512 என்றால் 11.6, காலுக்கு இழுப்பது தெரியும்.

ஸ்நேரில் டிரிகர் வேண்டாம் என்பது என் கட்சி. கிராவிட்டி பிளாஸ்ட் என்ற ஒற்றைக் கை அதிவேக வாசிப்பில் குச்சி விளிம்பில் சாய்ந்து ஏறி இறங்கும், ஏறும் அடி மெலிது. த்ரெஷோல்ட் அதைத் தின்றுவிடும்.

டிரிகர் மோசடியா என்று கேட்டிருந்தாய். வாசிக்காத அடியை அது சேர்ப்பதில்லை, விலகிய அடியை இழுத்து வைப்பதும் இல்லை. மைக்கில் மெல்லிய அடி மங்கலோடு மங்கலாய் மறைந்துபோகும். டிரிகரில் அதுவும் முழுச் சத்தத்தில், தவறிய இடத்திலேயே விழும். பலத்தை அது சமன் செய்வது உண்மை, அந்த அளவுக்குச் சலுகைதான். அதுகூட வேண்டாம் என்றால் இன்னொரு வழி: கிக் மைக்கை, சிக்னல் வந்தால் மட்டும் திறந்து சத்தத்தை விடும் நாய்ஸ் கேட்டில் விட்டு, கேட்டைத் திறக்கும் கீ இன்புட்டுக்கு டிரிகரைக் கொடு. கேட்பது உன் டிரம்மின் சத்தம், சிம்பலுக்குக் கேட் திறக்காது. நான் இதைத்தான் முதலில் செய்து பார்ப்பேன்.

அடுத்த முறை மாட்யூலை அணைத்துவிட்டு, கிக் மைக்கில் இடது கால் மட்டும் ஒரு நிமிடம், 180இல் பதிவு செய்து அனுப்பு.

அன்புடன்,
சேகர்