தக்காளித் தோலைக்கூட வெட்டாத ரூ.4,299 கத்தித் தொகுப்பு: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை இணைப்பில் உள்ளன.
கோயம்புத்தூர்.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
சமையலறைப் பொருட்கள் விற்பனைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: ‘ஜெர்மன் ஸ்டீல் டமாஸ்கஸ்’ என்று விற்கப்பட்ட ஆறு உருப்படி கத்தித் தொகுப்பின் தரக்குறைவும் தவறான விளம்பரமும் – பணம் திருப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் மின்னஞ்சல் புகாரும், அதற்கு உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய பதிலும்.

ஐயா / அம்மையீர்,

கத்தியின் கூர் நிற்கவில்லை என்ற என் புகாருக்கு, பார்வையில் கண்ட பதிலில், ‘கூர் மழுங்குவது இயல்பான தேய்மானம், கத்தியைப் பயன்படுத்திய முறையும் காரணமாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கருங்கல் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து வெட்டினீர்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எங்கள் வீட்டில் காய் நறுக்குவது வேப்பமரப் பலகையில். கத்தியைப் பாத்திரத் தொட்டியில் ஊறப் போடும் பழக்கமும் கிடையாது. கழுவியதும் துடைத்து வைத்துவிடுவோம். எலும்பு, தேங்காய் ஓடு, உறைந்த இறைச்சி எதிலும் உங்கள் கத்தி பட்டதில்லை. அது பார்த்ததெல்லாம் வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், பீன்ஸ், எப்போதாவது ஒரு பூசணிக்கீற்று. வீட்டுச் சமையலுக்கான கத்தி இதைக்கூடத் தாங்காது என்றால் அதைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும்.

விளம்பரத்தில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, ‘ஜெர்மன் ஹை கார்பன் ஸ்டீல்’. இன்னொன்று, ‘ஜப்பானிய முறையில் 15 டிகிரி கூர்’. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரின் கோணத்தை ஒடுக்க ஒடுக்க, அதைத் தாங்கும் கடினம் இரும்புக்கு வேண்டும். ஜப்பானியக் கத்திகளில் புழங்கும் விஜி-10 போன்ற ஸ்டீலில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இரும்பின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் அது 60 வாக்கில் வரும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி என்று மெல்லிய வாய் வைத்தாலும் நிற்கிறது. ஜெர்மன் கத்திகளில் பரவலாகக் காணப்படும் 1.4116 என்ற எண்ணுள்ள ஸ்டீலில் கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதத்தை ஒட்டி. கடினம் பெரும்பாலும் 55 முதல் 58 வரை. அது கொஞ்சம் மென்மையானது, எளிதில் சிதறாது, துருவும் அதிகம் பிடிக்காது. அதற்குப் பாரம்பரியமாக 20 டிகிரியை ஒட்டித்தான் கூர் வைப்பார்கள். அங்குள்ள சில நிறுவனங்கள் இப்போது கோணத்தை ஒடுக்கியிருப்பது உண்மை. அதையும் 58 வரை கடினமுள்ள இரும்பில்தான் செய்கிறார்கள்.

உங்கள் கத்தியின் கடினம் எவ்வளவு? விளம்பரத்தில் ‘56 (கூட்டியோ குறைத்தோ 2)’ என்று இருந்தது. என் தம்பி குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில், கருவிகளும் அச்சுகளும் செய்யும் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறார். கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர்க்காரர்களுக்கு ராக்வெல் இயந்திரம் ஒன்றும் அபூர்வமான பொருள் அல்ல. வைரக் கூம்பை 150 கிலோ விசையில் இரும்பின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்கும் சோதனை அது. பெரிய கத்தியின் தடித்த முதுகுப் பக்கத்தில், கைப்பிடியை ஒட்டி எடுத்த அளவுகள் எல்லாம் 46க்கும் 47க்கும் இடையில் வந்தன. நீங்கள் சொன்ன கீழ் வரம்பான 54க்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. அளவுத் தாள் இணைப்பில் இருக்கிறது.

இதன் பொருள் உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது. ஒன்று, நல்ல ஸ்டீலை வாங்கி, சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கும் துவைச்சலைச் சரியாகக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். இல்லையென்றால், நீங்கள் சொன்ன ஸ்டீலே அது இல்லை. எதுவானாலும், 46 கடினமுள்ள இரும்பில் 15 டிகிரி கூர் வைத்தால் அது தேய்வதற்கு முன்பே மடங்கிவிடும். கத்தியின் வாயை விளக்குக்கு நேராகப் பிடித்தால் நீளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு மின்னுகிறது. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. மடங்கிய வாய்தான் அப்படி மின்னும். தொகுப்போடு வந்த கோலில் தீட்டினால் கோடு மறைகிறது, ஒரு குழம்புக்கு வெங்காயம் அரிந்து முடிப்பதற்குள் திரும்பவும் வந்துவிடுகிறது. எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடமும் கொடுத்தேன். பிடித்து முடித்துவிட்டு, ‘பிசிரு விட்டுப் போக மாட்டேங்குதும்மா, இரும்பு இளகலா இருக்கு’ என்றார். இயந்திரம் 46 என்று காட்டியதை அவர் விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார்.

அதே பலகையில், அதே காய்களை, கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிய பழைய இரும்புக் கத்தியும் நறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. புளியோ எலுமிச்சையோ பட்டு அப்படியே விட்டால் கறுத்துத் துருப்பிடிக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். அதன் கூர் மாதக்கணக்கில் நிற்கிறது. விலையோ உங்கள் தொகுப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ‘பயன்படுத்திய முறை’ என்ற பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் இன்னொரு விளக்கம் தந்தார். ‘காந்தம் வைத்துப் பாருங்கள் மேடம், ஒட்டினால் ஹை கார்பன்தான்.’ அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ தெரியவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கிற பாத்திரத்தின் அடிப்பாகமும் காந்தத்தில் ஒட்டும். அதில் பெரும்பாலும் இருப்பது 430 வகை ஸ்டீல். கார்பன் மிகக் குறைவு, எப்படிச் சூடாக்கிக் குளிர்வித்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. காந்தம் ஒட்டுவதற்கும் கூர் நிற்பதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் கொடுத்த தாளைத்தான் அவர் வாசித்தார். அந்தத் தாளை எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கைப்பிடி விஷயம் இதைவிடப் பெரியது, ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. ‘ஃபுல் டேங்’ என்று விற்றீர்கள். அப்படியென்றால் அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை ஒரே தகடாக நீள வேண்டும். இரண்டு பக்கமும் வைத்த பிடித்துண்டுகளை ரிவெட் அந்தத் தகட்டின் வழியாகத் துளைத்துப் பிடிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தாலே பிடியின் முதுகில் இரும்பு தெரியும். உங்கள் கத்தியில் பிடி முழுவதும் மூடிய பிளாஸ்டிக். அதன் மேல் மூன்று ரிவெட் தலைகள் பளபளக்கின்றன. பூசணியை அறுக்கும்போது பிடி ஆடத் தொடங்கியது. சில நாட்களில் ஒரு ரிவெட் தலை கழன்று விழுந்தது. அடியில் துளையே இல்லை, வெறும் பசை. பிடியை அறுத்துப் பார்த்தபோது அலகின் வால் பாதி நீளத்துக்கு முன்பே, விரல் அகலம்கூட இல்லாத ஒரு நீட்டலாக முடிந்துவிட்டது. புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

பாதி நீள வால் கொண்ட கத்திகள் எல்லாம் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. பல நல்ல ஜப்பானியக் கத்திகளில் வால் மரப்பிடிக்குள் மறைந்துதான் இருக்கும். சரியாகச் செருகினால் அது தலைமுறைக்கும் உழைக்கும். என் புகார், இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி, அதை நம்ப வைப்பதற்கென்றே பொய் ரிவெட்டுகளை ஒட்டியிருப்பதைப் பற்றியது. எட்டு அங்குல அலகு கையில் சுழன்றால் வெட்டுப்படுவது பூசணி அல்ல.

அடுத்தது அந்த அலைக்கோலம். அலகின் இரு பக்கமும் ‘டமாஸ்கஸ்’ வரிகள். நாரும் சோப்பும் பட்டே முதுகோரத்தில் கோலம் வெளிறிவிட்டது. இன்று டமாஸ்கஸ் என்று சொல்லப்படும், வெவ்வேறு இரும்புகளை அடுக்கி அடித்துச் செய்த அலகில் வரிகள் உள்ளே வரை ஓடும். தேய்ந்து மங்கினாலும் அமிலத்தில் தோய்த்தால் திரும்பத் தெரியும். உங்களுடையது மேலே லேசரில் பொறித்த படம். அழகுக்காகப் பொறித்தோம் என்று ஒரு வரி போட்டிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். டமாஸ்கஸ் வாள்களுக்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எங்கள் ஊர் வழியாக ஓடும் நொய்யலின் கரையில், ஈரோடு மாவட்டம் கொடுமணலில், இரும்பும் உருக்கும் செய்த பழைய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. இந்தப் பக்கத்து ஆட்களிடமே படம் போட்டு ‘டமாஸ்கஸ்’ விற்கத் துணிந்த உங்கள் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

‘ஜெர்மன்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். பெட்டியின் முகப்பில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பட்டை. அடிப்பக்கத்தில், பூதக்கண்ணாடி வேண்டிய எழுத்தில், ‘தயாரிப்பு நாடு: சீனா’. சீனாவில் செய்ததாலேயே மட்டம் என்று நினைக்கிறவள் நான் அல்ல. குவாங்டாங் மாகாணத்தின் யாங்ஜியாங் நகரம் கத்திக்கே பேர்போனது, அங்கிருந்து நல்ல கத்திகளும் வருகின்றன. நேராகச் சொல்லி விற்றிருந்தால் போதும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பெயரைக் கத்தியில் பொறிக்க வேண்டுமென்றால், முக்கியமான தயாரிப்பு வேலைகள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே நடந்திருக்க வேண்டும் என்று 1938 முதல் சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வராமல், ‘ஸ்டீல்’ என்ற சொல்லின் முன்னால் ஒரு நாட்டின் பெயரை மட்டும் ஒட்டிவிட்டீர்கள். எந்த ஸ்டீல், எந்த எண் என்று எழுத்தில் கேட்டேன். ‘உயர்தர ஸ்டீல்’ என்று பதில் வந்தது.

தொகுப்பின் மற்ற உருப்படிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரெட் கத்தி உறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. இறைச்சியைச் சீவிப் பரிமாறும் நீளக் கத்திக்கு எங்கள் வீட்டில் வேலை கிடையாது. கத்தரிக்கோல் பால் பாக்கெட் வெட்ட உதவுகிறது, அது ஒன்றுதான் சொன்னதைச் செய்கிறது. நம் வீட்டுச் சமையலுக்கு எட்டு அங்குலத்தில் ஒன்றும் மூன்றரை அங்குலத்தில் ஒன்றும் நன்றாக அமைந்தால் போதும். வாழைப்பூவுக்கும் சேனைக்கும் அரிவாள்மனை இருக்கவே இருக்கிறது. ஆறு உருப்படிக்குச் செலவழித்த இரும்பையும் மரத் தாங்கியையும் விட்டுவிட்டு, அந்தப் பணத்தை இரண்டு கத்திகளின் துவைச்சலில் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. இது ஆலோசனைதான், புகாரில் சேர்க்க வேண்டாம்.

புகாரில் சேர்க்க வேண்டியது உங்கள் ‘வாழ்நாள் வாரண்டி’ அட்டை. கூர் மழுங்கினால் பொருந்தாது, கைப்பிடி தளர்ந்தால் பொருந்தாது, நிறமோ கோலமோ மாறினால் பொருந்தாது, துருப்பிடித்தால் பொருந்தாது என்று அதில் இருக்கிறது. மிச்சமிருப்பது கத்தி காணாமல் போவது ஒன்றுதான். அதற்கும் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். திருப்பி அனுப்பும் காலமான 10 நாள் முடிந்துவிட்டது என்று காரணம் சொல்கிறீர்கள். புதுக் கத்தி எல்லாம் முதல் வாரம் வெட்டும். தொழிற்சாலையில் வைத்த கூர் போன பிறகுதான் இரும்பின் குணம் தெரியவரும்.

மழுங்கிய கத்தி வெறும் அசௌகரியம் என்று உங்கள் பதிலில் இருந்த தொனிக்கும் ஒரு வார்த்தை. கூரான கத்தி தக்காளித் தோலில் தானாக இறங்கும். மழுங்கியதை அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் அடுத்து இருப்பது இடது கை விரல். வெங்காயத்தை அது வெட்டாமல் நசுக்குவதால் கண்ணெரிச்சல் வேறு கூடுகிறது. சமையலறைக்குள் நின்று பார்த்தவர் யாரும் இதை ‘அசௌகரியம்’ என்று எழுத மாட்டார்.

என் கோரிக்கைகள் இவை. செலுத்திய ரூ.4,299 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். கத்திகளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். அறுத்த கைப்பிடியும் சாட்சியாகப் பெட்டிக்குள் இருக்கும். விளம்பரத்திலிருந்து ‘ஃபுல் டேங்’, ‘டமாஸ்கஸ்’ ஆகிய சொற்களை நீக்க வேண்டும். ஸ்டீலின் வகை எண்ணையும், சோதித்து அறிந்த கடின அளவையும் வாங்குபவர் கண்ணில் படும்படி வெளியிட வேண்டும். இதே தொகுப்பை வாங்கிய மற்றவர்களுக்குக் கைப்பிடி குறித்து எச்சரிக்கை அனுப்ப வேண்டும். கூப்பன், தள்ளுபடிக் குறியீடு, மாற்றுத் தொகுப்பு எதுவும் எனக்கு வேண்டாம்.

இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இந்தப் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய பொறுப்பு குறைதீர் அலுவலரான உங்களுடையது. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் பதிவு செய்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது என்பதை உங்கள் சட்டப் பிரிவு அறிந்திருக்கும்.

பதிலை எழுத்தில் அனுப்பவும். தொலைபேசி அழைப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: ரசீது நகல், விளம்பரப் பக்கத்தின் அச்சுப்படி, கடினச் சோதனை அளவுத் தாள், அறுத்த கைப்பிடியின் புகைப்படங்கள், வாரண்டி அட்டையின் நகல், முந்தைய மின்னஞ்சல்கள்.