டீசலுக்குப் பணம் தந்தவர்களுக்கு

வணக்கம்.

மருத்துவ வேன் வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள். பக்கவாட்டில் பெயர் எழுதலாம், ரிப்பன் வெட்டலாம். அந்த வேனுக்கு மாதாமாதம் டீசல் போட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் பிரஷர் மாத்திரையும் அதே கதைதான். தீர்ந்துபோகிற பொருளில் யார் பெயரைப் பொறிப்பது? பெயரே வேண்டாம் என்று சொல்லி அந்தச் செலவை ஏற்றுக்கொண்ட உங்களுக்குத்தான் இந்த மடல்.

நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிக்கும் ஏழுமலைக்கும் நடுவே ஓர் ஊரில் முகாம் போட்டோம். பந்தல், மைக் எல்லாம் உண்டு. பல பேருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. பதினைந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தோம். மறுபடி அங்கே போகப் பல மாதம் ஆகிவிட்டது.

"கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போயிட்டீக. மாத்திரை தீந்துச்சு, நானும் விட்டுட்டேன்" என்றார் ஒரு அப்பத்தா.

மாத்திரையை விட்டால் பிரஷர் பழையபடி ஏறிவிடும். ஏறுவது பெரும்பாலும் தெரியவும் தெரியாது. ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது, போன ஊருக்கே திரும்பத் திரும்பப் போவது என்று அன்றைக்கு முடிவு செய்தோம். உங்கள் பணம் அதற்குத்தான் போகிறது.

காலை 10 மணிக்கு வேன் போனால் ஊரில் ஆள் இருக்காது. எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? "கண்மாய்க் கரைக்கே வண்டியைக் கொண்டாங்க சார்" என்று வழி சொன்ன பணித்தளப் பொறுப்பாளர் அக்காவுக்கு நன்றி. மண் வெட்டிய கையோடு பிரஷர் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். அதனால் மர நிழலில் 5 நிமிடம் பேசாமல் உட்கார வைத்துப் பார்க்கிறோம். எங்கள் நர்சம்மாவின் வேலையிலேயே கடினமானது இந்தப் பேசாமல் உட்கார வைப்பதுதான். 140/90-க்கு மேல் வந்தால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் டாக்டர் மாத்திரை எழுதுவார்.

மானாமதுரைப் பானைகள் வாங்கி அனுப்பிய அய்யாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவே ஈர மணல். குப்பியை நனையாமல் ஒரு டப்பாவில் போட்டு உள்ளே வைத்து மூடி, நிழலில் வைத்தால் போதும். மணலின் ஈரம் காயக் காய உள்ளே சூடு குறையும். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் குப்பி, 30 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருந்தால் ஏறக்குறைய 4 வாரம் தாங்கும். மணலுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் குறை. சரி, அதற்கும் பேரப்பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தர 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் சகோதரிகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் பட்டியலும் எங்கள் பட்டியலும் ஒத்துப்போனால்தான் ஒருவரே இரண்டு பக்கமும் மாத்திரை வாங்கி இரட்டிப்பாக விழுங்காமல் தடுக்க முடியும். எங்களைவிட அவர்களுக்குத்தான் வீடு வீடாகத் தெரியும்.

அப்புறம், வேன் வருவதை ஊர் முழுக்கச் சொல்லிவிடும் டீக்கடை அண்ணன். காலில் புண் ஆறாமல் இருந்தவரை 40 கிலோமீட்டர் தள்ளி மதுரைப் பெரியாஸ்பத்திரி வரை கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு, ராத்திரி வீடு திரும்பிய எங்கள் டிரைவர். இவர்களுக்கெல்லாம் ரசீது கொடுக்க வழியில்லை.

அந்த அப்பத்தா இப்போது மாத்திரையை விடுவதில்லை. போன வாரம் ஒரு மஞ்சப்பை நிறைய நிலக்கடலையைக் கொடுத்து, "டீசலுக்குத் துட்டு குடுக்குறாகளே, அவுகளுக்குக் குடுத்துருங்க" என்றார். மன்னிக்கவும், உசிலம்பட்டி தாண்டுவதற்குள் நாங்களே தின்றுவிட்டோம்.