பல் டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் 'மன அழுத்தத்தின் அறிகுறிகள்' என்று கட்டம் கட்டிப் பத்துப் பன்னிரண்டு வரி போட்டிருந்தீர்கள். தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், மறதி, பசியின்மை அல்லது அதிகப் பசி. எங்கள் ஆபீசில் அதைச் சுற்றுக்கு விட்டோம். ஐந்து பேரும் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டுச் சிரித்தோம், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பசித்தாலும் அறிகுறி, பசிக்காவிட்டாலும் அறிகுறி என்றால் யாருக்குத்தான் இல்லை? குறை சொல்ல எழுதவில்லை, அதில் இருந்ததெல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலை வைத்து ஒருத்தர் தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொள்வது கஷ்டம். எனக்கு அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷமும் ஒரு கடைவாய்ப்பல்லும் ஆனது.

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். வயது 44. மஞ்சள் மண்டி, விசைத்தறி, ஜவுளிக்கடை என்று 60 பார்ட்டிகளுக்கு மேல் என் கையில் இருக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எங்களுக்கு மாதம் என்பது தேதிகளால் ஆனது. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 14ஆம் தேதி 2பி என்ற வரி வரவுப் பட்டியல் வரும், அதை வைத்து வரவு சரிபார்த்து 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்ன். ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் அபராதம், அது பெரிய தொகை இல்லை, ஆனால் "நீங்க லேட் பண்ணினதுக்கு நான் ஏங்க கட்டணும்" என்று பார்ட்டி கேட்பார் பாருங்கள், அதற்கு என்ன விலை போடுவது. பில்லை 19ஆம் தேதி சாயங்காலம் கட்டைப்பையில் கொண்டுவந்து கொட்டியவரே அவர்தான். ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவர் கல்யாண மண்டபத்தில் பந்தியில் இருப்பார்.

இதையெல்லாம் அழுத்தம் என்று நான் நினைத்ததே இல்லை. வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றுதான் இருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் நிலக்கடலை சாப்பிடும்போது பல்லில் சுளீர் என்றது. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லில் விரிசல், சொத்தை எதுவும் இல்லை, ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அவர் ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்து மற்ற பற்களைக் காட்டினார். மேடு பள்ளமாக இருக்க வேண்டிய கடைவாய்ப்பல் எல்லாம் அம்மிக்கல் தேய்ந்த மாதிரி மழமழவென்று இருந்தது. காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னார், 'டக்' என்றது. காலையில் எழுந்ததும் பொட்டில் வலி இருக்குமே என்று அவராகவே சொன்னார். இருந்தது. அதற்கு ஆறு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடி பவரை மாற்றினேன், தலைக்குக் குளித்தால் நீர் கோத்துக்கொள்கிறது என்று வாரத்தில் ஒரு நாளாகக் குறைத்தும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் மகள், "ஆமாம்மா, கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும், முதல்ல எலின்னு நெனச்சேன்" என்கிறாள். எத்தனை நாளாக என்றேன். "டென்த் பரீட்சை அப்போ இருந்து." அவள் இப்போது பிளஸ் ஒன். என் மாமியார், "வயித்துல பூச்சி இருந்தாத்தான் கண்ணு தூக்கத்துல பல்லைக் கடிப்பாங்க, பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டுக்க" என்றார். போட்டும் பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம் ஊரில் முதலில் சொல்வது என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு இரு, இன்னும் கொஞ்ச நாள்தான். நான் அந்த அறிவுரையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருக்கிறேன். வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, தலை வெடிக்கிறது, கை கால் ஓடவில்லை என்றெல்லாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். நம் பாட்டிகளுக்கு இது உடம்பில் எங்கெங்கே வரும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. நாம்தான் அதைப் பேச்சு வழக்கு என்று விட்டுவிட்டு, வயிற்றுக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர், தலைக்குத் தைலம் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, நான் கணக்குப் பார்க்கிறவள்தானே, போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிட்டு எழுதிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 2 டீ குடித்தவள் 7 குடிக்கிறேன். ஒரே பில் தொகையை மூன்று முறை படிக்கிறேன், மனசில் நிற்பதில்லை. பையில் போன் அதிராமலே அதிர்ந்த மாதிரி இருக்கிறது. விடிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்த மாதிரி முழிப்பு. கொத்தமல்லிக் கொசுறு தரவில்லை என்று பல வருஷமாகக் காய் வாங்கும் அண்ணனிடம் தெருவே கேட்கக் கத்தினேன், அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டையே எடுத்துக் கையில் கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து அழுதேன். எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது.

இன்னொன்று உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உங்கள் பத்திரிகையை 20 வருஷமாக வாங்குகிறேன், குறுக்கெழுத்தை முடிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டேன். பழைய பேப்பர்காரர் வந்து கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பிரிக்கவே இல்லியாட்ட இருக்குதுங்க" என்றார். மூன்று மாசப் பேப்பர், மடிப்புக் கலையாமல் அப்படியே. வாசலில் இருந்து எடுத்து, நாற்காலியில் போட்டு, அங்கிருந்து மேலே அடுக்கியிருக்கிறேன். நான் கவனிக்கவே இல்லை. உங்கள் பட்டியலில் இது வராது, வரவும் முடியாது. பேப்பரே படிக்காத ஒருத்தருக்கு இது அறிகுறியே இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் வழக்கம் எது, அதிலிருந்து எது விலகியது என்று பார்த்தால்தான் தெரியும். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. என் வீட்டுக்காரருக்குத் தறி ஓடாத மாதங்களில் எரிச்சலே வராது, மாறாக ரொம்ப நல்லவராகிவிடுவார். எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்பார், ஒன்றுமே காதில் விழுந்திருக்காது. அதை அவர் கண்டுபிடிக்க மாட்டார், எனக்குத் தெரியும். என்னுடையது என் மகளுக்கும் காய்கார அண்ணனுக்கும் பேப்பர்காரருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் வீட்டில் ஒருத்தரிடம் "நான் கொஞ்ச நாளா எப்படி இருக்கேன்" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. இரண்டாவது பாதிதான் சிரமம்.

அப்புறம் தேடிப் படித்தேன். ஹான்ஸ் செல்யே என்று ஒரு டாக்டர், பிராகாவில் மாணவராக இருந்தபோதே நோயாளிகளைப் பார்த்து ஒன்று கவனித்தாராம். நோய் வேறு வேறு, ஆனால் பசியில்லை, உடம்பு இளைக்கிறது, அசதி என்று பாதிக் கதை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. பிறகு கனடாவில் எலிகளை வைத்துப் பார்த்தார். குளிரில் வைத்தாலும், அளவு மீறி ஓடவிட்டாலும், நஞ்சு கொடுத்தாலும் உள்ளே ஒரே மாதிரிதான்: சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி வீங்குகிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையில் புண். 1936 ஜூலையில் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார், அதுவும் ஆசிரியருக்கு ஒரு சின்னக் கடிதமாகத்தான். அதனால் இந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மூன்று மணி முழிப்புக்கும் ஒரு காரணம் படித்தேன். கார்டிசால் என்ற சுரப்பு பின்னிரவில் தானாகவே ஏறத் தொடங்கும், நம்மை எழுப்புவதற்கான ஏற்பாடு அது. தூக்கம் லேசாகியிருக்கும் நேரத்தில் ஏற்கெனவே மனசு ஓடிக்கொண்டிருந்தால் முழிப்பு தட்டிவிடுகிறது. என் மாமியார் சொன்ன 'கெட்ட நேரம்' ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியது தப்பாகப் போய்விடும். எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. படி ஏறினால் படபடப்பு, மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனேன். ஈசிஜி நன்றாக இருந்தது, தைராய்டும் சரி, சர்க்கரையும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 9.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். என் அசதியில் பாதி ரத்தசோகை! இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிட்டு, எதனோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார், டீயோடு என்றேன், தலையில் கை வைத்துக்கொண்டார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஏழு டீயும் அப்படித்தான் நான்கானது, இப்போது மூன்று. நெஞ்சு வலி, படபடப்பு என்றால் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று எழுதுங்கள், 'மன அழுத்தமாக இருக்கலாம்' என்பதை அதற்குப் பிறகு போடுங்கள். பெண்கள் போனால் "வீட்ல ஏதும் டென்ஷனாம்மா" என்று ஆரம்பித்து அதோடு முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, வார்த்தை. உங்கள் பத்திரிகையில் ஒரு நாள் ஸ்ட்ரெஸுக்கு 'மன அழுத்தம்' என்கிறீர்கள், மறுநாள் டிப்ரெஷனுக்கும் அதையேதான் எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. 20ஆம் தேதி தாண்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை சிரிப்பேன், மீன் குழம்பு ருசிக்கும். எதுவும் ருசிக்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், நாள் முழுக்க அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், முதலாவது உள்ளவர் வீணாகப் பயப்படுவார், இரண்டாவது உள்ளவரை "எனக்கும்தான் இருக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்று நாம் சொல்லிவிடுவோம். டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்றே எழுதுங்கள், நல்ல சொல்தானே.

இரண்டாவது, எண். தற்கொலைச் செய்தி வந்தால் அதன் கீழே சின்ன எழுத்தில் உதவி எண்கள் போடுகிறீர்கள். அங்கே மட்டும்தான் போடுகிறீர்கள். அதனால் அது சாகப்போகிறவர்களுக்கான எண் என்று என்னைப் போன்றவர்கள் தாண்டிப் போய்விடுகிறோம். 14416, டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒரு விடிகாலை மொட்டை மாடிக்குப் போய் அதற்குப் போன் செய்தேன், வீட்டில் யாருக்கும் தெரியாது, இதைப் படித்தால் தெரியும். எடுத்த பெண் பிள்ளை தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளாக என்று கேட்டாள், வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்டாள். இல்லை, ரிட்டர்ன் போடத்தான் பிடிக்கவில்லை என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். பேசி முடித்து இறங்கும்போது பால்காரர் வந்துவிட்டார்.

அந்த எண்ணை மஞ்சள் விலை, பருத்தி விலை போடும் பக்கத்தில் ஒரு மூலையில் தினமும் போடுங்கள். முடிந்தால் 11, 20 தேதிகளில் கொஞ்சம் பெரிதாக.

வேலையை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. முதலாளியிடம் சொல்லி, 5ஆம் தேதிக்கு மேல் பில் கொண்டுவருகிறவர்களின் கணக்கு அடுத்த மாதத்துக்குத்தான் என்று ஒரு பலகை எழுதி மாட்டினோம். இருபது பேராவது மதிக்கிறார்கள். பல்லுக்கு கேப் போட்டாயிற்று, ராத்திரி போட்டுக்கொள்ள நைட் கார்டு என்று ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்திருக்கிறார் டாக்டர். காலையில் கழற்றிக் கழுவும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், கடித்த தடம் அதில் விழுந்திருக்கும். இந்த மாதம் 16 வரைக்கும் புதுத் தடம் எதுவும் இல்லை. 20ஆம் தேதி காலையில் வலது பக்கம் ஒரு பள்ளம்.

பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஈரோடு வாசகி