கருணை மரணம்: இறுதிச் சம்மத விதி மாற வேண்டும்

ஆசிரியருக்கு,

தீராத நோயாளிகளின் கருணை மரண உரிமை பற்றிய தங்கள் தலையங்கம், நோயாளியின் மனத்தெளிவு எவ்வளவு விரைவில் போய்விடும் என்பதைத் தொடவில்லை. எழுத்துப்பூர்வ விண்ணப்பமும் இரு மருத்துவர்களின் தனித்தனிப் பரிசோதனையும் முடிந்த பிறகும், உயிரை முடிக்கும் ஊசி போடும் நேரத்தில் மீண்டும் சம்மதம் கேட்கும் விதியில்தான் சிக்கல். புற்றுநோய் மூளைக்குப் பரவினாலோ கல்லீரல் செயலிழந்தாலோ சில நாட்களிலேயே நினைவு குழம்பலாம்; பெற்ற அனுமதி பயனற்றுப் போகும். இதற்கு அஞ்சியே சிலர் நினைவை மங்கச் செய்யும் வலிமருந்தான மார்ஃபின் அளவைக் குறைக்கச் சொல்லி வலியோடு கிடக்கிறார்கள். சிலர் வாழக்கூடிய வாரங்களையும் விட்டுக்கொடுத்து மரண நாளை முன்னதாகக் குறிக்கிறார்கள். எத்தனை கொடுமை!

கனடாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் குறை இருந்தது. மரணம் நெருங்கியவர்களுக்கு, விண்ணப்பத்துக்கும் ஊசிக்கும் இடையே இருந்த 10 நாள் காத்திருப்பை 2021இல் நீக்கினார்கள். அனுமதி பெற்றவர் ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அதற்குள் நினைவு தவறினாலும் ஊசி போடலாம் என்று முன்கூட்டியே சம்மதம் எழுதிக்கொடுக்கவும் வழி செய்தார்கள். அன்று அவர் சொல்லாலோ ஒலியாலோ சைகையாலோ மறுத்தால் ஊசி கிடையாது. புதிதாகச் சட்டம் இயற்றும் நாடுகள் இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். நோயாளி தெளிவாக இருக்கும் முதல் பரிசோதனையிலேயே மருத்துவர் இதை எடுத்துச்சொல்ல வேண்டும்.