நாலெழுத்துச் சொல்

பாப்பாவுக்கு,

இங்கு நலம். நீ கேட்ட பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டில் காட்டுவதற்கான அப்போஸ்டில் என்ற அரசுச் சான்று ஒட்டி வந்துவிட்டது. நேற்றே கூரியரில் போட்டுவிட்டேன். எதற்கென்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வாரமாக அம்மா போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

ஹைடல்பெர்க்கில் கைகொடுத்த ஜெர்மன் ஸ்வீடனின் மால்மோவில் காலை வாரிவிடும். படிவங்களை இரண்டு தடவை படி. முக்கியமாக ஜி, ஐ, எஃப், டி என்ற நாலெழுத்து. ஆங்கிலத்தில் அது பரிசு. ஜெர்மனில் 'தஸ் கிஃப்ட்' விஷம். ஸ்வீடிஷில் அதையே 'யிஃப்ட்' என்பார்கள்: 'எத் யிஃப்ட்' என்றால் விஷம், பெயரடையாக வந்தால் கல்யாணமானவர். பாலம் தாண்டிக் கோபன்ஹேகன் போனாலும் அதே இரண்டு பொருள், உச்சரிப்பு மட்டும் மறுபடி 'கி'. டச்சில் 'டி' இருந்தால் நன்கொடை, 'டி' விழுந்தால் விஷம்.

வேர் ஒன்றுதான்: கொடுப்பது. மருந்தின் அளவைக் கிரேக்கர் 'டோசிஸ்' என்றார்கள், அதற்கும் கொடுப்பது என்றுதான் அர்த்தம். அதைப் பார்த்து ஜெர்மானியர் இடக்கரடக்கலாகச் சொன்னது கடைசியில் விஷத்துக்கே பெயராகிவிட்டது. பழைய பொருள் 'டீ மிட்கிஃப்ட்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெண்ணோடு கொடுப்பது, அதாவது சீர். ஸ்வீடிஷ்காரர்கள் பெண்ணைக் கொடுப்பதையே பிடித்துக்கொண்டார்கள். 'பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறீர்கள்' என்று நம் ஊரில் கேட்பதில்லையா, அதே கொடுப்பதுதான். தொல்காப்பியக் கற்பியலின் முதல் சூத்திரமும் 'கொடைக்குரி மரபினோர் கொடுப்பக் கொள்வதுவே' என்றுதான் முடிகிறது. அடுத்த சூத்திரம், 'கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே'. கரணம் என்றால் கல்யாணச் சடங்கு. அது கிடக்கட்டும்.

மண்டையோடு போட்ட டப்பாவில் ஜெர்மன் 'கிஃப்டிக்', ஸ்வீடிஷ் 'யிஃப்டிட்' என்று எழுதியிருக்கும். மொழி புரியாவிட்டால், பக்கத்தில் எண் இருந்தால் அதைப் பார். எச் 301 என்றால் எந்த நாட்டிலும் விழுங்கினால் நச்சு. அவசரத்துக்கு 112 அடித்து 'யிஃப்ட்இன்ஃபர்மஷூன்' கேள். கல்யாணத் தகவல் மையம் என்று நினைத்துவிடாதே.

படிவத்தில் 'சிவில்ஸ்டோண்ட்', அதாவது மணநிலை, என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். 'ஊயிஃப்ட்' மணமாகாதவர், 'யிஃப்ட்' ஆனவர். இரண்டுக்கும் வித்தியாசம் முன்னால் நிற்கும் ஒரே ஒரு 'ஓ' எழுத்து. அச்சு மங்கியிருந்தால் கண்ணில் படாது. 'சம்பூ' என்றும் ஒரு சொல் உண்டு, சேர்ந்து குடியிருப்பவர். அதற்கு 2003-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது சிவில்ஸ்டோண்டில் சேராது. அதைப் பற்றி நீ எனக்கு விளக்க வேண்டாம்.

பொதுவாகச் சொல்லிவைக்கிறேன்: கல்யாணத்துக்குத் தடையில்லை என்று வரி அலுவலகம் தரும் சான்று நாலு மாதம்தான் செல்லும். சடங்கு நடத்த அதிகாரம் உள்ளவர் ஒருவரும் இரண்டு சாட்சிகளும் போதும். பெற்றோர் நிற்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்தேன், இல்லை.

உன் அக்காவைக் கொடுத்தபோது நான் அவளைக் கேட்கவில்லை. தேதி குறித்த பிறகுதான் சொன்னேன். மிட்கிஃப்ட் என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு விளக்கியவன், நாற்பது பவுனைச் சபையில் எண்ணி வைத்தேன். ஜெர்மன் அர்த்தம் எனக்கு அப்போதே தெரியும். அவள் இன்றுவரை என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நீயும் சொல்லாமல் இருக்கிறாய்.

நாலு மொழி பேசுகிறாய் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறேன், வீட்டுக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை. படிவத்தை இரண்டு தடவை படி.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: 'ஏர் டூ யிஃப்ட்?' ஆம் என்றால் 'யா', இல்லையென்றால் 'நேய்'. 'ஏர் டூ இன்டெ யிஃப்ட்?', ஆகவில்லையா, என்று கேட்டால் 'யா' எடுபடாது. ஆகிவிட்டது என்பதற்கு அங்கே 'யூ', ஜெர்மன் 'டோஹ்' மாதிரி. அம்மா எப்போதும் இரண்டாவது விதமாகத்தான் கேட்கிறாள். நீ ஸ்வீடிஷிலேயே ஒரு சொல் எழுது. அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா