மூடுவதற்கு முன் உரையாடலை முழுசாகக் கொடுங்கள்

சமூக வலைத்தளங்களையும் பகிர்வுத் தளங்களையும் நடத்தும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். ஒரு தளத்தை மூட முடிவெடுத்தால் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். இத்தனை காலம் உடனிருந்ததற்கு நன்றி சொல்கிறீர்கள். அதன் கீழே கடைசித் தேதியும், எழுதியதையெல்லாம் தரவிறக்கிக்கொள்ள ஒரு இணைப்பும் இருக்கும். அந்த இணைப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

சினிமா, பாட்டு என்று நாங்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த ஒரு தளம் அப்படி மூடப்பட்டது. ஜிப் கோப்பை இறக்கித் திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு சாய்கோடும் குறியீட்டு எண்ணும்தான். சரி, நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் அதை மாற்றிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கோப்பில் நான் எழுதியது மட்டுமே இருந்தது. “ஆமாம், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் தனியாக வருமே, அந்த இடம்தான்” என்று ஒரு வரி. எந்தப் பாட்டு? கேட்டது யார்? அவர் அதற்குப் பதில் சொன்னாரா? எதுவும் இல்லை. பக்கம் பக்கமாக இப்படிப் பதில்கள் மட்டும், கேள்விகளே இல்லாமல்.

நாங்கள் அங்கே தனித்தனியாக எழுதி அடுக்கி வைக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம். ஒரு படம் வெளியான அன்று இரவு அதைப் பற்றி எழுந்த சண்டையும், விடியும்போது வந்த சமாதானமும் எந்த விமர்சனக் கட்டுரையிலும் கிடைக்காது. சாதாரண மக்கள் ஒரு படத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று பின்னாளில் தேடப்போகிறவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் என்ன இருக்க முடியும்?

இது ஒரே ஒரு தளத்தின் கதையும் இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக வலைப்பக்கம் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்த, 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை 2009இல் யாகூ மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு போன்றவர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்திராவிட்டால் இன்று மிச்சமிருக்கும் பக்கங்களும் இருந்திருக்காது. குட்டிக் காணொளிகளுக்கான வைன் 2017இல் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. அதே 2019இல்தான், 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாடல்கள் வழங்கியை (சர்வரை) மாற்றும்போது அழிந்துவிட்டதாக மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. அவற்றில் பல, பெயர் தெரியாத இசைக்குழுக்களின் பாடல்கள். அவர்களில் எத்தனை பேர் வேறெங்காவது பிரதி வைத்திருந்திருப்பார்கள்?

“மற்றவர் எழுதியதை உங்களுக்கு எப்படித் தர முடியும்? அது அவருடைய அந்தரங்கம் அல்லவா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனிச்செய்திகளை நான் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும்படி பொதுவில் நடந்த பேச்சைத்தான் கேட்கிறேன். இதற்கு வழி இருக்கிறது என்று உங்களில் ஒருவரே காட்டியிருக்கிறார். 2014 செப்டம்பர் 30 அன்று கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்க்குட் மூடப்பட்டபோது, அதன் பொதுக் குழுமங்களின் பேச்சுகளை வாசிக்க மட்டும் திறந்து வைத்தார்கள். தன் பேச்சு அதில் இருக்கக் கூடாது என்று நினைத்தவர் கணக்கை அழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அந்தக் காப்பகத்தையும் எடுத்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். ஆனாலும் அந்த ஏற்பாடு சரியானது.

தளத்தை என்றென்றைக்கும் நடத்துங்கள் என்று கேட்கவில்லை. வழங்கிகளுக்குப் பணம் வேண்டும், ஆட்கள் வேண்டும், அது புரிகிறது. மூடும்போது பொதுவில் நடந்த உரையாடலை, கேள்வியும் பதிலும் பிரியாமல், எந்த மொழியில் எழுதினோமோ அந்த மொழியிலேயே கண்ணால் வாசிக்கிற மாதிரி கொடுங்கள். மின்னஞ்சலை எப்போதாவது பார்ப்பவருக்கும் எட்டும்படி ஓராண்டாவது அவகாசம் கொடுங்கள். நீங்களே வைத்துக்கொள்ள முடியாவிட்டால், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற ஒரு காப்பகத்திடம் பேசி ஒப்படையுங்கள். இதையெல்லாம் மூடுகிற அவசரத்தில் யோசிக்க முடியாது. அதனால் தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே உங்கள் பயன்பாட்டு விதிகளில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவர்